ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு கணக்கு

(நம் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், தண்ணீர்ப் பரிசோதனைக் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



ஒவ்வொரு வருஷமும் விழாவில் ஒரு நல்ல மனிதரை நினைத்துப் பேசுவது நம்ம வழக்கம். இந்த முறை அந்தப் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். நான் பேசப்போவது கொல்கத்தாவில் இருந்த ஒரு விஞ்ஞானியைப் பற்றி. பெயர் தீபாங்கர் சக்ரவர்த்தி. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் ஆய்வுத் துறையை நடத்தியவர். 2018-இல் காலமானார். நம்ம ஊருக்கு வந்தவர் இல்லை, நம்ம மொழி பேசினவரும் இல்லை. ஆனால் ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்கள் என்று பயிற்சி கொடுத்து, கையில் ஒரு பெட்டியைக் கொடுத்து, தண்ணியைப் பரிசோதிக்கச் சொன்னார்களே, அந்த மாதிரி வேலையை எத்தனையோ வருஷத்துக்கு முன்னாடியே ஊர் ஊராகப் போய்ச் செய்தவர் அவர்.

முதலில் அங்கே நடந்த கதையைச் சொல்கிறேன். மேற்கு வங்காளத்தில் அந்தக் காலத்தில் ஜனங்கள் குளத்துத் தண்ணியைத்தான் குடித்தார்கள். காலரா, வயிற்றுப்போக்கு என்று குழந்தைகள் செத்தன. அதனால் 1960, 70-களில் ஊரெல்லாம் அடிபம்பு போட்டார்கள். தண்ணி கண்ணாடி மாதிரி வந்தது. வாடை இல்லை, ருசியில் குறை இல்லை. வாசலிலேயே தண்ணி கிடைத்ததில் பெண்களுக்குத்தான் ரொம்ப சந்தோஷம்.

1983-இல் கொல்கத்தாவில் தோல் மருத்துவர் கே. சி. சாஹாவிடம் கிராமத்து நோயாளிகள் சிலர் வந்தார்கள். மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்த மாதிரி கரும்புள்ளிகள். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து முடிச்சு முடிச்சாக இருந்தன. காரணம் அவர்கள் குடித்த தண்ணியில் இருந்த ஆர்சனிக். நாம பாஷாணம் என்று சொல்கிறோமே, அந்த நஞ்சு.

யாரும் கொண்டுபோய்க் கலக்கவில்லை. இமயமலைப் பாறைகள் தேய்ந்து, ஆற்று வண்டலாக வந்து படிந்த பூமி அது. வண்டல் மணலைச் சுற்றி இரும்புத் துரு போல ஒரு படலம் உண்டு. அந்தத் துருவில் ஆர்சனிக் ஒட்டிக்கொண்டிருக்கும். மண்ணுக்குள் புதைந்த இலைதழை மக்கும்போது அங்கே காற்று இல்லாமல் போகிறது. நுண்ணுயிர்கள் அந்தத் துருவைக் கரைக்கின்றன. ஒட்டியிருந்த நஞ்சு தண்ணியில் இறங்குகிறது. அந்த ஆழத்துத் தண்ணியைத்தான் அடிபம்பு மேலே இழுத்துக் கொடுத்தது.

சக்ரவர்த்தி ஐயா வேதியியல் படித்தவர், வெளிநாடுகளிலும் ஆராய்ச்சி செய்தவர். 1988-இல் இந்த வேலையைக் கையில் எடுத்தார். எடுத்ததை விடவில்லை. இருபது வருஷத்தில் மேற்கு வங்காளத்தின் 19 மாவட்டங்களிலும் சேர்த்து 1,40,150 அடிபம்புகளின் தண்ணியை அவரும் அவர் குழுவும் சோதித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதாவது ஒரு லட்சம் லிட்டர் தண்ணியில் ஒரே ஒரு கிராம். அதைத் தாண்டியவை நூற்றுக்கு 48. நாலில் ஒரு பங்கு பம்புகளில் அதைப்போல ஐந்து மடங்குக்கும் மேல்.

ஏன் இத்தனை பம்பு என்று கேட்கலாம். ஊருக்கு நாலு பார்த்தால் போதாதா? போதாது. ஒரு வீட்டுப் பம்பில் நஞ்சு இருக்கும், பக்கத்து வீட்டுப் பம்பு நன்றாக இருக்கும். குழுவில் பத்துப் பேர் ஒழுங்காகத் தவணை கட்டினால், மீதிப் பேரும் கட்டியிருப்பார்கள் என்று நாம் எழுதிவிடுவோமா? ஒவ்வொரு பெயருக்கும் தனி வரி இருக்கிறதே. அதே மாதிரி ஒவ்வொரு குழாய்க்கும் தனிக் கணக்கு வேண்டும் என்பதுதான் அவர் ஆராய்ச்சி.

அவர் தண்ணியோடு நிற்கவில்லை. மருத்துவர்களைக் கூட்டிக்கொண்டு ஊருக்குள் போனார். தலைமுடி, நகம், சிறுநீர் எல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். அங்கே பெண்கள் பட்ட பாடு பெரிது. அது தொற்றுநோய் இல்லை. ஆனால் குஷ்டம் என்று நினைத்து ஒதுக்கினார்கள். கட்டின மனைவியைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கைகளில் முடிச்சு உள்ள பெண்ணுக்குக் கல்யாணம் நின்றது. சத்தான சாப்பாடு இல்லாத ஏழை வீடுகளில் நோய் இன்னும் கடுமையாக இருந்தது. பலருக்குப் புற்றுநோய் வந்தது.

ஆசிரியராகவும் அவர் பெரியவர். அவரிடம் ஆராய்ச்சி செய்ய வந்த பிள்ளைகள் ஆய்வுக்கூடத்தோடு நிற்காமல் பாட்டில்களோடு கிராமங்களுக்குப் போனார்கள். டாக்கா சமுதாய மருத்துவமனையோடு சேர்ந்து, பங்களாதேஷின் 64 மாவட்டங்களில் 52,202 பம்புகளைச் சோதித்தார்கள். 2002-இல் பீகாரிலும் இந்த நஞ்சு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அவர் மாணவர்கள் இன்று வெளிநாடுகளிலும் இதே துறையில் இருக்கிறார்கள். ஒருத்தர் கற்றதைப் பத்துப் பேருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால், அவர் போன பிறகும் வேலை நிற்காது.

இன்னொன்றும் அவர் குழு காட்டியது. நஞ்சை வடிகட்ட என்று அங்கே எத்தனையோ இயந்திரம் வைத்தார்கள். சோதித்துப் பார்த்தால் பல இயந்திரங்கள் சொன்னபடி வேலை செய்யவில்லை. பராமரிக்க ஆள் இல்லை. ஊர் ஜனங்கள் பொறுப்பு எடுக்காமல் எந்த இயந்திரமும் நிலைக்காது, மழைத்தண்ணியையும் ஆறு குளத்தையும் சுத்தமாகக் காப்பாற்றிப் பயன்படுத்தணும் என்று அவர் விடாமல் வலியுறுத்தினார்.

இப்போ நம்ம தர்மபுரிக்கு வருவோம். நம்ம பூமி வண்டல் இல்லை, கரும்பாறை. இங்கே பிரச்சினை ஃபுளோரைடு. சக்ரவர்த்தி ஐயா ஆர்சனிக்கையும் ஃபுளோரைடையும் சேர்த்தே ஆய்வுக் கட்டுரை எழுதினார். பாறையில் உள்ள ஃபுளோரைடு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணியில் கரைகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழி இல்லாவிட்டால் 1.5 வரை என்பது அரசு அளவு. அதற்கு மேல் போனால் முளைக்கிற வயசிலேயே பிள்ளைகளின் பல்லில் கறை ஏறும். அந்தக் கறை தேய்த்தால் போகாது. இன்னும் அதிகமாகி, வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பு இறுகி முதுகு வளையும். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடும் போகாது, ஆர்சனிக்கும் போகாது. தண்ணி சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும்.

ஒகேனக்கல் தண்ணி வந்த பிறகு கவலை குறைந்தது உண்மை. ஆனால் மோட்டார் ரிப்பேர், பைப் உடைப்பு என்று நாலு நாள் தண்ணி வராவிட்டால் நாம எங்கே குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறோம்? பழைய போருக்குத்தான்.

போன மாசம் நாங்கள் ஒரு குடியிருப்பில் போர் தண்ணியைப் பரிசோதித்தோம். மருந்து விட்டதும் வந்த நிறம், அட்டையில் 1.5-க்கு மேலே இருக்கிற கட்டத்தோடு பொருந்தியது. முடிவைப் பம்பு பக்கத்தில் எழுதப் போனோம். ஊர்ப் பெரியவர்கள் தடுத்தார்கள். "எழுதாதீங்கம்மா, இந்த ஊருக்கு யாரும் பொண்ணு கொடுக்க மாட்டாங்க, எடுக்கவும் மாட்டாங்க" என்றார்கள். அவர்கள் பயம் பொய் இல்லை. எனக்கும் கல்யாண வயசில் பெண் இருக்கிறாள். ஆனால் எழுதாமல் விட்டால் அந்தப் போர் தண்ணியைக் கைக்குழந்தைக்காரி எடுத்துக்கொண்டு போவாள். மறைத்த கணக்கு ஒரு நாள் பிள்ளைகளின் பல்லில் தெரியும். அப்போது சுவரில் எழுதியதை அழிக்கலாம், பல்லில் இருப்பதை அழிக்க முடியாது.

அதனால் இந்தக் கூட்டத்தின் முன் மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன்.

ஒன்று, ஒவ்வொரு ஊராட்சியிலும் எல்லாப் போர், அடிபம்பு, தொட்டித் தண்ணியையும் மழைக்கு முன் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை பரிசோதிக்கணும். பள்ளிக்கூடமும் அங்கன்வாடியும் முதலில். அளவு கூடி வந்தால், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்துக்கும் மாதிரி அனுப்பி உறுதிப்படுத்தணும்.

இரண்டு, அதற்கென்று ஒரு பதிவேடு. தேதி, இடம், அளவு, பார்த்தவர் கையெழுத்து. நம்ம கடன் பதிவேடு மாதிரியே மாதாமாதம் கூட்டத்தில் வாசிக்கணும்.

மூன்று, முடிவை எல்லா ஊரிலும் ஒரே நாளில் பம்பு பக்கத்தில் எழுதணும். குடிக்கக் கூடாத பம்புக்குச் சிவப்பு அடிப்போம். அது குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ. பச்சை அடித்தது குடிக்க, சமைக்க. ஒரு ஊர் மட்டும் எழுதினால் அந்த ஊருக்குத்தான் பெயர் கெடும். எல்லா ஊரும் எழுதினால் அது மாவட்டத்துக் கணக்கு. தண்ணி கேட்டு மனுக் கொடுக்கப் போகும்போது அந்தக் கணக்கு நமக்குத்தான் பலம்.

அந்த விஞ்ஞானிக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை இதுதான் என்று நினைக்கிறேன். தீர்மானப் புத்தகத்தைத் தலைவி அக்கா திறந்து வைத்திருக்கிறார்கள். உங்கள் குழுவில் பேசி, சம்மதம் என்றால் கையெழுத்துப் போடுங்கள். சந்தேகம் இருந்தால் எழுந்து கேளுங்கள், எங்கள் ஐந்து பேரில் யார் வேண்டுமானாலும் பதில் சொல்வோம்.