பச்சிளம் குழந்தைக்கும் வலிக்கும்



பிறந்த குழந்தைக்கு ஊசி போடும்போது, "அதற்கு என்ன தெரியும், அழுதால் நல்லதுதான்" என்று பெரியவர்கள் சமாதானம் சொல்வதுண்டு. மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் ஏறக்குறைய அப்படித்தான் எண்ணியது. 1980ஆம் ஆண்டுகளில்கூட, போதிய வலி நிவாரணி இல்லாமலே குறைமாதக் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. நரம்புகள் முதிரவில்லை, மருந்தை உடல் தாங்காது என்பவை அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள்.

இந்த எண்ணத்தை அசைத்தவர்களில் முக்கியமானவர், இந்தியாவில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபர்ட் சென்ற டாக்டர் கன்வல்ஜீத் ஆனந்த். ஃபெண்டனில் என்னும் வலி நிவாரணி பெற்ற குறைமாதக் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சைக்குப் பின் சிக்கல்கள் குறைந்தன என்பதை அவரது குழு 1987இல் வெளியிட்டது. 2015இல் ஆக்ஸ்ஃபர்டில் நடந்த மற்றோர் ஆய்வில், வலியின்போது பெரியவர்களின் மூளையில் இயங்கும் 20 பகுதிகளில் 18 பகுதிகள் பச்சிளம் குழந்தைகளிடமும் இயங்குவது தெரிந்தது.

நேயர்களே, மஞ்சள் காமாலைக்காகக் குதிகாலில் குத்தி இரத்தம் எடுப்பது நம் குடும்பங்களில் பலரும் பார்த்ததுதான். அந்த வேளையில் தாய் என்ன செய்யலாம்? முதல் மருந்து தாய்ப்பால். குத்துவதற்குச் சற்று முன்பே பால் கொடுக்கத் தொடங்கி, முடியும்வரை கொடுக்கலாம். இரண்டாவது, குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்து வைத்திருப்பது. தாயால் முடியாவிட்டால் தந்தையும் இப்படி அணைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, மருத்துவமனையில் அளவோடு கொடுக்கும் சுக்ரோஸ் கரைசல். ஏறத்தாழ இரண்டு நிமிடம் முன்னதாகச் சில சொட்டு நாவில் விட்டால் அழுகையும் முகச்சுளிப்பும் குறைகின்றன. ஆனால், இதைக் கேட்டுவிட்டு வீட்டில் சீனித் தண்ணீர் கொடுக்காதீர்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனும் ஆகாது. கடுமையான நச்சு நோய் வரக்கூடும். பெரிய சிகிச்சைகளுக்கு இவை போதா. அங்கே மருத்துவர் தரும் மருந்துதான் வேண்டும்.

குறைமாதக் குழந்தை சில சமயம் அழக்கூடத் தெம்பில்லாமல் கிடக்கும். சத்தம் வரவில்லை என்பதால் வலி இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சுருங்கும் புருவம், இறுக மூடும் கண்கள், விறைக்கும் விரல்கள் ஆகியவைதாம் அதன் மொழி.

ஆகவே, அடுத்த முறை தாதி ஊசியோடு வரும்போது, "நான் பால் கொடுத்துக்கொண்டே பிடித்துக்கொள்ளலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்காக நாம்தான் பேச வேண்டும்.