கடைசி இடம் பிடித்த பாட்டு

1974 ஏப்ரல் 6. இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் யூரோவிஷன் பாட்டுப் போட்டி. வென்றது சுவீடனின் ஆபா குழு. போர்ச்சுகலுக்காக பாலோ டி கார்வாலோ பாடிய காதல் பிரிவுப் பாட்டுக்கு வெறும் 3 புள்ளி. கடைசி இடம், அதையும் இன்னும் மூன்று நாடுகளோடு பங்கு போட வேண்டியதாயிற்று!

அதே மாதம் 24-ஆம் தேதி இரவு, 11 மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில், போர்ச்சுகலின் லிஸ்பன் வானொலியில் அந்தப் பாட்டு ஒலித்தது. சர்வாதிகார அரசைக் கவிழ்க்கக் காத்திருந்த ராணுவ அதிகாரிகளுக்கு அதுதான் சங்கேதம்: தயாராகுங்கள். காதல் பாட்டை யார் சந்தேகப்படுவார்கள்? நள்ளிரவுக்குப் பின் இன்னொரு வானொலியில் இன்னொரு பாட்டு; படைகள் கிளம்பின. மறுநாளே ஆட்சி விழுந்தது. மக்கள் துப்பாக்கி முனைகளில் கார்னேஷன் பூக்களைச் செருகினார்கள்.

யூரோவிஷனில் போர்ச்சுகல் முதன்முதலாக வென்றது 2017-இல்தான்.