ஒப்பமிட்ட நாட்டின் கடமை

வெள்ளிமலையிலிருந்தும் கரியாலூரிலிருந்தும் இறங்கி வந்திருக்கும் மலைவாழ் மக்களே!

மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்புகிறவனுக்கும், கல்வராயன் சரிவில் மரவள்ளி பிடுங்கி லாரியில் ஏற்றுகிறவனுக்கும் அயல்நாட்டுக் கொள்கையில் என்ன வேலை என்று கேட்கிறார்கள். இலங்கையில் 1983இல் மூண்டு 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் மணலில் முடிந்த யுத்தம், கடல் கடந்து நம் மாநிலத்து அகதி முகாம்களில் வந்து குடியேறியிருக்கையில், இலங்கையோடு நமக்குள்ள உறவை டில்லி அதிகாரிகள் மட்டுமே நிர்ணயித்துக் கொள்ளட்டும் என்று விட்டுவிட நான் சம்மதியேன்.

இந்தியா இவ்விஷயத்தில் வேடிக்கை பார்க்க வந்த நாடன்று. 1987 ஜூலை 29ஆம் நாள் நம் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டதன் பயனாகவே இலங்கையின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தமும் மாகாண சபைகளும் பிறந்தன. அவ்வொப்பந்தத்தின் பெயரால் இலங்கைக்கு அனுப்பப்பட்ட நம் படையினர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்; அப்படையால் அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பட்ட ரணமும் ஆறவில்லை. இவ்வளவு விலை கொடுத்த பின்னர், வடக்கு மாகாண சபைக்கு 2013இல்தான் முதல் தேர்தல். 2018இல் அச்சபையின் ஆயுள் முடிந்தது. ஆண்டுகள் பல சென்றும் மறு தேர்தல் இல்லை. காணி அதிகாரமும் போலீஸ் அதிகாரமும் ஏட்டிலேயே உறங்குகின்றன.

ஜாகீர்தார்களின் பிடியில் தலைமுறை தலைமுறையாகக் கிடந்த இம்மலைக்கு, ஏட்டில் உறங்கும் உரிமை எத்தகையது என்று நான் விளக்க வேண்டுவதில்லை. 1976இல் கொத்தடிமை முறையை ஒழித்துச் சட்டம் வந்தது. மறுநாளே பட்டா வந்ததா? சர்க்கார் எழுதிக் கொடுத்த உரிமை கைக்கு வந்து சேராத வேதனையை உங்களைவிட அறிந்தவர் யார்?

ஒப்பந்தத்தை நிறைவேற்றும்படி வற்புறுத்தினால் கொழும்பு சீனாவின் பக்கம் சாயும் என்று அச்சுறுத்துகிறார்கள். ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் 2012லும் 2013லும் இலங்கை மீதான தீர்மானத்தை ஆதரித்த இந்தியா, 2014இல் வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றதே; ஆயினும் 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீனக் கம்பெனியிடம் போயிற்றா இல்லையா? மௌனம் எதைக் காத்தது? 2022இல் இலங்கை அரிசிக்கும் எண்ணெய்க்கும் தவித்தபோது ஏறத்தாழ 400 கோடி டாலர் உதவினோம். பட்டினியில் பேரம் பேசாதிருந்தது தர்மம், அதை மனமாரப் போற்றுகிறேன். பட்டினி நீங்கிய பிறகும் ஒப்பந்தத்தைப் பற்றி உபசார வார்த்தையோடு நிறுத்திக் கொள்வது தர்மமாகாது.

நம் கள்ளக்குறிச்சியும் ஒரு நாடாளுமன்றத் தொகுதி; டில்லியில் பேச நமக்கும் ஒரு குரல் உண்டு. அடுத்த கடனுதவிக்கு முன் மாகாண சபைத் தேர்தலுக்கு நாள் குறிக்கப்பட வேண்டும் என்றும், 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஒதுக்கிவிட்ட, நம் முகாம்களிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளைப் பிரஜைகளாக ஏற்க வேண்டும் என்றும் லோக்சபையில் எழுந்து பேசுவீரா என்று, வாக்குக் கேட்டு வாசலுக்கு வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேளுங்கள். பதில் சொல்லாதவரைத் திருப்பி அனுப்புங்கள்!