சிப்பிகாட்: வயலாகிக் கடலான மண்

போர்ட் பிளேயரிலிருந்து வண்டூர் போகும் பேருந்தில் ஏறினால், கராச்சர்மா தாண்டியதும் சிப்பிகாட் வரும். வண்டூர் கடல் தேசியப் பூங்காவின் பவளப்பாறைகளைப் பார்க்கும் அவசரத்தில் பலர் இந்த ஊரைக் கடந்துவிடுகிறார்கள். நீங்கள் இறங்கிவிடுங்கள்.

சாலையோரம் விரிந்து கிடக்கும் தண்ணீரை ஏரி என்றே நினைப்பீர்கள். நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். இங்கே நெல் விளைந்தது!

1949 முதல் கிழக்கு வங்க அகதிகள் அந்தமானில் குடியமர்த்தப்பட்டார்கள். மலையும் காடுமான தீவில் நெல்லுக்கேற்ற சமதரை குறைவு. அதனால் பல இடங்களில் அலையாத்திக் காட்டை வெட்டி, மண்கரை போட்டுக் கடலைத் தடுத்து வயல் திருத்தினார்கள்.

அலையாத்திச் சேற்றில் இரும்பும் கந்தகமும் கூடிக் கிடக்கும். தண்ணீருக்கடியில் இருக்கும்வரை தொல்லையில்லை. நீரை வடித்துக் காற்றுப் பட்டதும் அது கந்தக அமிலமாக மாறும். மண் புளித்துப்போய்ப் பயிரின் வேரைக் கெடுக்கும். ஆகவே கரை மட்டும் போதாது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் பெய்யும் மழையைத் தேக்கி, மதகு வழியே வடித்து, உப்பையும் புளிப்பையும் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த உழைப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். சதுப்பை நன்செய்யாக்குவது ஒரு போகத்தில் முடிகிற வேலையல்ல.

2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சுனாமி வடிந்தது, கடல் வடியவில்லை. ஒவ்வொரு ஓதத்திலும் வயலுக்குள் ஏறியது. வடக்கே, டிக்லிபூர் பக்கம் நேர்மாறாக நிலம் உயர்ந்தது. ஓதம் எட்டாமல் அங்கே அலையாத்திகள் பட்டுப்போயின.

சிப்பிகாட்டில் இன்று அலையாத்தி மீண்டும் முளைத்து நிற்கிறது. வேர்கள் வண்டலைப் பிடிக்கின்றன, இலை மட்கிச் சேறாகிறது. கொக்கும் நாரையும் இரை தேடுகின்றன. பறவை பார்க்க வருபவர்களுக்கு இது கொண்டாட்டம். நிலத்தை இழந்த குடும்பங்களுக்கு அப்படியில்லை. அவர்களுக்கு மாற்று வழி செய்வது அரசின் கடமை. தப்பிய மேட்டு வயல்களுக்குக் கரையும் மதகும் உறுதியாக வேண்டும். ஆனால் அன்றாடம் ஓதம் ஏறும் பள்ளத்தை மறுபடி வடித்து உலர்த்தினால் பழைய புளிப்பே கிளம்பும். அதை அலையாத்திக்கே விட்டுவிடலாம். அடுத்த பேரலை வந்தால் பின்னாலுள்ள வயலுக்கு அதுவே முதல் அரண்.