பல்வகை வாசிப்பும் புதிய எழுத்தும்



1880ஆம் ஆண்டு. கும்பகோணம் கல்லூரியில் அவ்வாண்டுதான் தமிழாசிரியராக அமர்ந்த இளைஞர் ஒருவர், ஊருக்குப் புதிதாக வந்திருந்த முன்சீப்பைக் காணச் சென்றார். இளைஞர் உ. வே. சாமிநாதையர், முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் வினவினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டவர் ஐயர். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று கற்றவற்றை அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் வியக்கவில்லை. இவற்றுக்கெல்லாம் முந்திய பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். ஐயரிடம் அதற்கு விடையில்லை.

தமிழிலக்கிய வரலாற்றின் திருப்பமாக இச்சந்திப்பைப் பலரும் போற்றியுள்ளனர். எழுதப் புகுவோர்க்குரிய பாடம் ஒன்றும் இதில் அடங்கியிருக்கிறது. ஐயர் குறைவாகப் படித்தவர் அல்லர், மிகுதியாகப் படித்தவர். ஆயினும் படித்தவை பெரும்பாலும் ஓரினத்தன. ஓரினத்தில் நூறு நூல் கற்றாலும், அவ்வினத்திற்கு அப்பால் என்ன உண்டு என்பதை அந்நூறும் சொல்லித் தருவதில்லை. ஐயர் நாணி ஒதுங்கிவிடவில்லை. சிந்தாமணியை வாங்கிப் படித்தார். விளங்காத சமணக் கருத்துகளைக் கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களின் இல்லங்களுக்கே சென்று கேட்டுத் தெளிந்தார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் வெளிவந்தன. படித்ததில்லை என்று ஒருவர் ஒப்புக்கொண்டதன் பயன் அது.

இன்று எழுத வருவோர் நிலை என்ன? எழுதியதை வெளியிடுதல் எளிதாகிவிட்டது. கைப்பேசியில் எழுதி அன்றே பலர் பார்வைக்கு வைத்துவிடலாம். எதை எழுதுவது, எவ்வாறு எழுதுவது என்னும் தெளிவு மட்டும் எளிதாகிவிடவில்லை. கவிதை எழுத விரும்புபவர் தமக்குப் பிடித்த ஒரு கவிஞரையே மீண்டும் மீண்டும் படிக்கிறார். கட்டுரை எழுத விரும்புபவர் மேடையில் கேட்ட ஒரு நடையையே பற்றிக்கொள்கிறார். எழுதியவர் பெயரை மறைத்துவிட்டால் யாருடையது என்று பிரித்தறிய இயலாத எழுத்துகள் பெருகுகின்றன. ஒருவர் எழுதாமலே இருந்துவிட்டால் அவருடைய ஊரும் தொழிலும் வீடும் எழுத்தில் ஏறாமற் போகும். பிறருடைய நடையிலேயே எழுதினாலும் அவை ஏறாமற்றான் போகும். இழப்பு இரண்டிலும் ஒன்றே.

தம்மைச் சுற்றி நிகழ்ந்தவற்றைத் தமிழில் உரைநடையாக்கியோர் பல திறத்தினர். அத்திறங்களுட் சிலவற்றை வலம் வந்து, ஒவ்வொன்றிலும் புதியவர் கொள்ளத்தக்கது யாது எனக் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

நாட்குறிப்பு

முதலில் நாட்குறிப்பு. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்குத் துபாஷாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1736ஆம் ஆண்டு செப்டம்பரில் எழுதத் தொடங்கி 1761ஆம் ஆண்டு வரை தம் நாட்குறிப்பை எழுதி வந்தார். அதனை அவர் அச்சிடுவதற்காக எழுதவில்லை. அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின்பே, 1846ஆம் ஆண்டளவில், அச்சுவடிகள் வெளியுலகின் கண்ணுக்குப் பட்டன. கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, ஆளுநர் சினந்தார், ஆளுநரின் மனைவி குறுக்கிட்டார், ஊரில் வதந்தி உலவியது, போர் நெருங்கியது என அனைத்தும் நாளும் கிழமையும் இட்டுப் பதிவாகியுள்ளன. மொழியோ இலக்கணம் கற்றோர் முகஞ்சுளிக்கும் பேச்சு மொழி. பிறமொழிச் சொற்கள் மலிந்தது. எனினும் 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியை அறிய விரும்புவோர் இன்றும் அவரிடமே செல்கின்றனர்.

புதியவர் இங்குக் கற்க வேண்டுவது நடையன்று. கண்டதை அன்றே, உரிய பெயரோடும் அளவோடும் எழுதிவைக்கும் பழக்கம். விலைவாசி உயர்ந்தது என்று எழுதுவது கருத்து. எந்தக் கடையில் எந்தப் பொருள் நேற்று என்ன விலை, இன்று என்ன விலை என்று எழுதுவது பதிவு. கருத்து விரைவில் பழையதாகிவிடும். பதிவு பழையதாக ஆகத்தான் மதிப்புப் பெறும்.

தன் வரலாறு

இரண்டாவது தன் வரலாறு. உ. வே. சா. தமது ‘என் சரித்திர’த்தை ஆனந்த விகடனில் 1940ஆம் ஆண்டு தொடங்கி எழுதியபோது எண்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தார். 1942இல் அவர் மறைந்தபோது நூல் முற்றுப்பெறாமலே நின்றது. பதிப்புரைகளில் செறிந்த நடை எழுதிய அப்பேரறிஞர், வார இதழின் வாசகர்க்காக எழுதும்போது எளிய நடையை மேற்கொண்டார். முன்சீப்பின் முன்னே தாம் விடையின்றி நின்றதையும் மறைக்காமல் எழுதினார். அவர் எழுதியிராவிடில் அச்சந்திப்பை இன்று யார் அறிவர்? தன்னைப் பற்றி எழுதுவோர் தம் வெற்றிகளையே வரிசைப்படுத்தும்போது படிப்பவர் விலகிப் போகிறார். தாம் அறியாதிருந்ததையும் சொல்லும்போது நெருங்கி வருகிறார். தன் வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கது இந்த நேர்மையே.

பயண நூலும் நடைச்சித்திரமும்

தன்னை விட்டுப் பிறரைப் பார்க்கும் எழுத்தும் உண்டு. ஏ. கே. செட்டியார் உலகின் பல நாடுகளைச் சுற்றியவர். காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்தை 1940இல் வெளியிட்டவர். ‘குமரிமலர்’ இதழைப் பல்லாண்டு நடத்தியவர். அவருடைய பயணக் கட்டுரைகளில் வாக்கியங்கள் சிறியன, தற்பெருமை இல்லை, ஊரும் மக்களுமே முன்னிற்பர். வ. ரா.வின் நடைச்சித்திரங்களோ தொலைதூரம் செல்லாமலே, அன்றாடம் எதிர்ப்படும் மனிதர்களின் பேச்சையும் போக்கையும் சில பக்கங்களில் உயிரோடு நிறுத்துகின்றன. எழுதப் பொருளில்லை என்று வருந்தும் புதியவர்க்கு இவ்விருவரும் நல்ல மருந்து. ஒருவர் நெடுந்தொலைவு சென்று பார்த்தார். மற்றவர் தெருவிலேயே நின்று பார்த்தார். பார்த்ததே இருவர்க்கும் பொது.

கடிதம்

அடுத்தது கடிதம். மு. வரதராசனார் ‘அன்னைக்கு’, ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’, ‘நண்பர்க்கு’ எனக் கடித நூல்கள் எழுதினார். மொழி, நாடு, குடும்பம் பற்றிய அறிவுரைகள் கட்டுரையாக வந்திருப்பின் பலர் புரட்டிவிட்டுப் போயிருப்பர். ஒருவரை முன்னிருத்திப் பேசியதால் அவற்றைப் படித்த இளைஞர் ஒவ்வொருவரும் தமக்கே எழுதியதாக உணர்ந்தனர். அறிஞர் அண்ணா தம் இதழ்களில் தம்பிக்கு எழுதிய கடிதங்களும் அவ்வாறே ஒரு தலைமுறையைக் கட்டிப்போட்டன. சிறுகதைகளில் எள்ளலும் சினமுமாக ஒலிக்கும் புதுமைப்பித்தன், மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்களில் கனிவும் கவலையுமாக ஒலிக்கிறார். யாருக்காக எழுதுகிறோம் என்பது மாறினால் குரலும் மாறும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஊர்ப் பேச்சு

தன் ஊர்ப் பேச்சையே எழுத்தாக்கியோர் மற்றொரு வகையினர். இடைசெவல் கி. ராஜநாராயணன் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’யில் தம் மண்ணின் பயிர், ஆடு மாடு, உணவு, வேடிக்கை ஆகியவற்றை அம்மண்ணின் சொல்லாலேயே எழுதினார், அச்சொற்களைத் திரட்டி அகராதியும் படைத்தார். பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வெளிவந்தது. சாதியின் இழிவைச் சிறுமியாக அறிந்த நாளிலிருந்து கன்னியர் மடத்தை விட்டு வெளிவந்த நாள் வரை, தம் வாழ்வைத் தம் மக்களின் பேச்சிலேயே அவர் எழுதினார். ‘கொச்சை’ என்று ஒதுக்கப்பட்ட சொற்களில்தான் அவ்வலி இருந்தது. செந்தமிழாக்கியிருந்தால் வலி கழன்று சொல் மட்டும் எஞ்சியிருக்கும். இவற்றைப் படித்துவிட்டுக் கரிசல் சொற்களைக் கடன் வாங்கிக் காவிரிக்கரைக்காரர் எழுதுவாராயின் அது வேடம். தம் வீட்டில் வழங்கும் சொல் எது என்று தேடுவாராயின் அதுவே பயன்.

பின்பற்றலும் தன் வழியும்

இவ்வளவும் படித்தால் தன்மை கெட்டுவிடாதோ என்று சிலர் அஞ்சக்கூடும். ‘ஷெல்லிதாசன்’ என்று புனைபெயர் வைத்துக்கொள்ளும் அளவுக்கு ஆங்கிலக் கவிஞரிடம் ஈடுபட்டவர் பாரதியார். அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனைப் பற்றியும் கட்டுரை எழுதினார். வசன கவிதை எழுதப் புகுந்தபோதோ அவர் பாடியது காற்றையும் கடலையும் ஞாயிற்றையும் சக்தியையும். ஓலைப்பந்தலில் தொங்கிய கயிறுகளுக்கும் அங்கே உயிர் வந்தது. வடிவத்திற்கான துணிவு வெளியிலிருந்து வந்தது. கயிறு மட்டும் நம் வீட்டுப் பந்தற் கயிறு. ஒருவரையே படிப்பவர் அவருடைய நிழலாகிறார். பலரைப் படிப்பவர்க்கு எவருடைய நிழலாகவும் நிற்க இயலாமற் போகிறது.

படித்து முடித்த பிறகே எழுதுவேன் என்று தள்ளிப்போடுவதும் தவறு. வை. மு. கோதைநாயகி அம்மையார் ஏடும் எழுத்தாணியுமாக வளர்ந்தவர் அல்லர். இளமையிலேயே மணமுடித்தவர். முதற்படைப்பான ‘இந்திர மோகனா’ நாடகத்தை அவர் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர் எழுதினார். 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழின் பொறுப்பை ஏற்றார். நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களைப் படைத்தார். எழுதத் தெரிந்த பின்பே எழுதுவது என்று அவர் காத்திருந்தால், தமிழ்ப் பெண்கள் தம் இதழொன்றை இழந்திருப்பர். படிப்பும் எழுத்தும் இருகால் நடை. ஒன்றை ஊன்றி மற்றதை எடுத்து வைக்க வேண்டும்.

நிறைவாக

புதியவர் செய்து பார்க்கத்தக்க பயிற்சி ஒன்றுண்டு. ஊர்க் குளம் தூர்க்கப்பட்டு அங்கே கட்டடம் எழுகிறது என்று கொள்வோம். எத்தனை வண்டி மண் கொட்டப்பட்டது, எந்நாள் கொட்டப்பட்டது என்று நாட்குறிப்பாக எழுதலாம். அக்குளத்தில் நீந்தக் கற்ற நாளை நினைவாக எழுதலாம். படித்துறையில் துணி வெளுத்தவரைச் சித்திரமாக எழுதலாம். வெளியூரில் வாழும் தமக்கைக்குக் கடிதமாக எழுதலாம். பாட்டி அக்குளத்திற்கு வழங்கிய பெயரைக்கொண்டு அவர் பேச்சிலேயே எழுதலாம். ஐந்தும் எழுதிய பிறகு, இவற்றுள் எது பிறரால் எழுத முடியாதது என்று கேட்டுக்கொண்டால், எழுதியவரின் குரல் எங்கிருக்கிறது என்பது புலப்படும். குளம் போய்விட்டாலும் அந்த ஐந்து தாள்களில் அது கிடக்கும்.

பத்தாண்டு நிறைந்த இலக்கிய வட்டத்திற்கும் இதில் கடமையுண்டு. பிடித்தவற்றையே கூடிப் படித்துக் கைதட்டிக் கலைவது எளிது. திங்களுக்கு ஒரு முறையேனும் பழகாத வகையொன்றைப் படிப்பதென முடிவு செய்தால், அடுத்த பத்தாண்டில் இவ்வட்டத்திலிருந்து பல குரல்கள் எழும். அவ்வட்டத்தில், இதைப் படித்ததுண்டா என்று கேட்க இராமசுவாமி முதலியார் ஒருவர் வேண்டும். இல்லை என்று ஒப்புக்கொண்டு நூலை வாங்கிச் செல்லச் சாமிநாதையர் ஒருவர் வேண்டும். இருவரும் இவ்வவையிலேயே அமர்ந்திருக்கக்கூடும்.