ஆள் ஏறிய மைலுக்கு மட்டுமா கூலி?



அமெரிக்காவில் வீடு வாங்கி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, ஆண்டுதோறும் ஏப்ரலில் வரிக் கணக்கை ஒப்படைக்கும் தமிழர்கள் நாம். அந்த வரிப் பணம் போகும் வழியை நாம் கேட்காமல் யார் கேட்பது? நோயாளிகளைச் சிகிச்சைக்கு அழைத்துப்போக முன்னாள் படைவீரர் நலத்துறை போடும் வண்டி ஒப்பந்தங்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. "வண்டி விவகாரத்துக்கு ஒரு மேடையா?" என்று பின்வரிசையில் சிரிக்கிறார்கள். சிரியுங்கள். வியட்நாமில் போரிட்டவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். சிறுநீரகம் கெட்டுப்போனவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். வண்டி வராத நாளில் அவருக்கு வைத்தியம் இல்லை.

மருத்துவத்துக்கு மட்டும் ஆண்டுக்கு 100 பில்லியன் டாலருக்கு மேல் செலவழிக்கிற துறை இது. ஆனால் யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிறது. சொந்தக் காரில் சிகிச்சைக்குப் போகும் படைவீரருக்கு மைலுக்கு 41.5 சென்ட். 2008இல் நிர்ணயித்த தொகை, 2025இலும் அதே. அதே அரசின் வருமான வரித்துறை, தொழிலுக்காகக் கார் ஓட்டுபவருக்கு 2025இல் மைலுக்கு 70 சென்ட் கழிவு தந்தது. சரக்கு விற்கப் போகிற கார் என்ன, வேறு பெட்ரோலிலா ஓடுகிறது?

காரே ஓட்ட முடியாதவர் கதைக்கு வருகிறேன். மாற்றுத்திறனாளி படைவீரர் சங்கமான டி.ஏ.வி.யின் தொண்டர்கள் சம்பளம் வாங்காமல் வேன் ஓட்டுகிறார்கள். அவர்களைக் கும்பிட வேண்டும். ஆனால் அந்த வேன்களில் பெரும்பாலும் சக்கர நாற்காலியை ஏற்ற முடியாது. அங்கேதான் டெண்டர் வருகிறது. பல ஒப்பந்தங்களில் ஆள் ஏறிய மைலுக்குத்தான் காசு. கூட்டிவர வெறும் வண்டியாகப் போகிற தூரம் வண்டிக்காரர் தலையில். டாக்டர் தாமதித்தால் காத்திருக்கும் நேரமும் சில ஒப்பந்தங்களில் அவர் தலையில்தான். படைவீரர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் கிராமப்புறத்தில் இருக்கிறார். அங்கே வெறும் வண்டி எத்தனை மைல் ஓடும் என்று குறைந்த விலை கேட்டவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் கேட்கிறார். பிறகு ஒரே வண்டியில் மூன்று பேரை அடைத்து ஈடுகட்டுகிறார்.

நாற்காலியைத் தரையோடு நான்கு பட்டைகளால் இழுத்துக் கட்ட வேண்டும். உட்கார்ந்திருப்பவருக்கு இடுப்புக்கும் தோளுக்கும் தனி பெல்ட். பொறுமையாகச் செய்கிற வேலை. அடுத்த வீட்டுக்கு அரைமணி தாமதமாகிவிட்ட ஓட்டுநர் இதில் எதை விடுவார், யோசியுங்கள். நான் ஓட்டுநரைத் திட்டவில்லை. அவரை அவசரப்படுத்திய கையெழுத்து வேறொருவருடையது.

"படைவீரர்கள் நடத்தும் நிறுவனங்களுக்குத்தானே முன்னுரிமை?" என்பார்கள். உண்மை. 2016இல் கிங்டம்வேர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாக உறுதி செய்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதே முன்னுரிமையில் வென்றவர், வாங்கும் தொகையில் பாதிவரை வெளியாருக்கு உள்குத்தகை விடலாம். பலகையில் இருக்கும் பெயர் ஒன்று, வாசலில் வந்து நிற்கும் வண்டி இன்னொன்று.

வண்டிக்கு நியாயமான கூலி கொடுத்தால் செலவு கூடும் என்று பயமுறுத்துவார்கள். டயாலிசிஸ் தவறிய மனிதர் ஆம்புலன்ஸில் அவசரப் பிரிவுக்குப் போனால் அந்தக் கட்டணம் யார் வீட்டுக் காசு? அந்த ஆம்புலன்ஸ் கட்டணத்திலும் துறையினர் கைவைத்தார்கள். ஒப்பந்தம் இல்லாத ஆம்புலன்ஸுக்கு, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் கொடுக்கும் விலைக்கு மேல் தருவதில்லை என்று 2023இல் விதி எழுதினார்கள். விமான ஆம்புலன்ஸ்காரர்கள் கூக்குரலிட்டதும் தள்ளிவைத்தார்கள். இப்போது 2029 என்கிறார்கள். பெரிய நிறுவனம் கத்தினால் கேட்கிற காது, வாசல்படியில் காத்திருக்கும் கிழவர் கூப்பிட்டால் அடைத்துக்கொள்கிறது!

நலத்துறையிடம் நாம் கேட்பது இதுதான்: வெறும் வண்டி ஓடும் மைலுக்கும் காத்திருப்புக்கும் காசு கொடு. நேரம் தவறினால் பிடித்தம் செய். எத்தனை பயணம் தவறியது என்று மாதாமாதம் ஊரறிய வெளியிடு. இதையெல்லாம் எழுதிய மனு வாசல் மேசையில் இருக்கிறது, நம் தொகுதி காங்கிரஸ் உறுப்பினருக்கு. சாப்பாட்டு வரிசைக்குப் போகும் முன் கையெழுத்துப் போடுங்கள். முகவரியும் எழுதுங்கள், தொகுதியில் வசிப்பவர் என்று தெரிந்தால்தான் அந்த அலுவலகம் பதில் போடும்.