சிறு வணிகரும் வலைத்தளமும்

கடைக்கு வருகின்றவர் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கின்றார், விலை கேட்கின்றார், ஐயம் எழுந்தால் வணிகரை வினவுகின்றார். வணிகர் விடை சொல்லுகின்றார். வணிகர் எதிரில் இல்லாத வேளையில் அவருக்காக விடை சொல்ல அமைந்ததே வலைத்தளம். இதனை மறந்து, அதனை வாயில் தோரணமாக மட்டும் கருதுவதனாலேயே சிறு வணிகர் பலருடைய தளங்கள் பயன் தராமற் போகின்றன.

டிம் பெர்னர்ஸ் லீ என்னும் அறிஞர் செர்ன் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1991-ஆம் ஆண்டில் உலகின் முதல் வலைத்தளத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். அதில் அணியலங்காரம் எதுவும் இல்லை. இந்த வலை என்பது யாது, அதனை எவ்வாறு பயன்படுத்துவது என்னும் கேள்விகளுக்கு அது விடை கூறிற்று, அவ்வளவே.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் வழியில் சென்னபட்டணம் என்னும் ஊர் உள்ளது. அங்கே மரத்தைக் கடைசல் பிடித்து, அது சுழலும்போதே வண்ண அரக்கை ஏற்றி, விளையாட்டுப் பொருள்கள் செய்கின்றனர். அவ்வூர்க் கைவினைஞர் ஒருவர் தளம் அமைப்பதாகக் கொள்வோம். ‘பாரம்பரியமும் தரமும் எமது பெருமை’ என்று முகப்பில் எழுதினால் யாருக்கு என்ன தெரியும்? நாகபுரியிலுள்ள ஒரு தாய் அறிய விரும்புவன வேறு. குழந்தை இதனை வாயில் வைக்கலாமா? வண்ணம் எதனால் ஆயது? எந்த வயதுக்கு ஏற்றது? நீளம் எவ்வளவு? அனுப்பும் கூலி எவ்வளவு? எத்தனை நாளில் வந்து சேரும்? உடைந்து வந்தால் என்ன செய்வது? இவற்றுக்கு உண்மையான விடை அங்கே இருந்தால் அவர் வாங்குவார். இல்லையேல் ஒரு சொல்லும் சொல்லாமல் அகன்றுவிடுவார். கடையில் வாங்காது திரும்புகின்றவரின் முகமாவது தெரியும். இங்கே அதுவும் தெரியாது.

ஆகவே தளத்தைத் திருத்த எளிய வழி ஒன்று உண்டு. தொலைபேசியில் மக்கள் கேட்கும் கேள்விகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். ஒரே கேள்வி மும்முறை வந்தால், அதன் விடை தளத்தில் இல்லை, அல்லது கண்ணிற் படும் இடத்தில் இல்லை என்பது பொருள். அன்றே அதனைச் சேர்த்துவிட வேண்டும்.

படங்களில் எச்சரிக்கை தேவை. கைப்பேசியில் எடுக்கும் ஒரு படமே பல மெகாபைட் அளவினதாக இருக்கக்கூடும். அத்தகைய பத்துப் படங்களை ஒரே பக்கத்தில் இட்டால், இணைப்பு மெலிந்த ஊரில் இருப்பவர் காத்திருந்து சலித்துப் போவார். படங்களைச் சுருக்கியே இடுதல் வேண்டும். விலையைப் படத்துக்குள் பொறிக்காமல் எழுத்தாகவே தருதல் நன்று. தேடுபொறிக்கும், பார்வையற்றோர்க்குப் படித்துக் காட்டும் மென்பொருளுக்கும் எழுத்தே எளிது. விலை குறைந்த கைப்பேசி ஒன்றில் தளத்தைத் திறந்து பார்ப்பதே தக்க சோதனை.

முகவரியையும், குறை கேட்போரின் பெயரையும் மறைக்கலாகாது. இணையத்தில் விற்போர் இவற்றை வெளியிட வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளும் கூறுகின்றன.

இன்னும் ஒன்று, இதனையே பலர் கவனியாது விடுகின்றனர். தளத்தின் பெயரை வணிகர் தம் பெயரிலேயே பதிவு செய்துகொள்ள வேண்டும். அமைத்துக் கொடுப்பவர் தம் பெயரில் பதிந்துவிட்டால், பின்னர் மனவேறுபாடு நேரும்போது, பல ஆண்டுகளாகப் பெட்டிகளில் அச்சிட்டு வந்த பெயரே கைவிட்டுப் போகலாம். பதிவைப் புதுப்பிக்கும் நாளையும் குறித்து வைத்தல் வேண்டும். கடைப் பத்திரத்தைப் பிறர் பெயரில் எழுதி வைப்பார் உண்டோ? பெயரைத் தம் கையில் வைத்துக்கொண்டு, வாங்குவோரின் கேள்விகளுக்குச் செவி சாய்த்து வருகின்ற வணிகரின் தளம் சிறிதாயினும் நாளடைவில் நம்பிக்கையைத் தேடித் தரும்.